கடிநாய் வீட்டுக்கு வழி

மதுரையில் முகவரி தேடித் திண்டாடிய அத்தனை பேரும் எங்கள் ‘லொகேஷன்’ அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். போனில் கூப்பிட்டு "எங்கண்ணே இருக்கீங்க?" என்றால் வாயைத் திறக்க மாட்டார். அடுத்த நொடி லொகேஷன் வந்து விழும். காதுகுத்து, கருமாதி, நல்ல கறிக்குழம்பு கிடைக்கும் கடை, எதைக் கேட்டாலும் அதே பதில்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சமயநல்லூர் பக்கம் எங்கள் ஏரியாவில், என் வீட்டுக்கு எதிரிலேயே வீடு கட்டி வந்த முதல் வாரமே தலையில் கை வைத்துவிட்டார். மூன்று பேர் தனித்தனியாக பிளாட் போட்டு விற்ற இடம் அது. மூவருமே ‘முதல் குறுக்குத் தெரு’ என்று ஆரம்பித்ததால் எங்களுக்கு முதல் குறுக்குத் தெருவே மூன்று. கேஸ் சிலிண்டர் ஒரு தெருவில் இறங்கும். அடுப்பு இன்னொரு தெருவில் அணையும்.

அண்ணன் போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். ஒவ்வொரு வீட்டையும் மேப்பில் ஏற்றினார். அதுவரை சரி. ஆனால் வாசலில் பொறித்திருக்கும் பெயரை அவர் மதிக்கவே இல்லை. ஜனங்கள் என்ன சொல்கிறார்களோ, அதையே போட்டார். என் வீடு ‘மோட்டார் எரிஞ்ச வீடு’. ஒரே ஒரு தடவைதான் எரிந்தது, ஐயா!

பக்கத்து வீட்டு சரஸ்வதி அக்காவுடையது ‘கடிநாய் வீடு’. அக்கா சண்டைக்கு வந்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வாரவுக இதப் பாத்தா என்ன நெனப்பாக? இன்னிக்கே அழிக்கணும்ணே!"

"கொரியர்காரன் முக்குல நின்னு கடிநாய் வீடு எதுன்னுதான தாயி கேக்குறான்? நானாவா பேரு வச்சேன்?"

"போலீசுக்குப் போவேன்!"

"போங்க. லொகேஷன் அனுப்பவா?"

அந்த வாரமே ஒரு மத்தியானம், அக்காவின் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் சரிந்தார். நான் ஆம்புலன்சைக் கூப்பிட்டு, "முதல் குறுக்குத் தெரு" என்றேன். கொஞ்ச நேரத்தில் டிரைவர் பேசினார்: "அங்கதாண்ணே நிக்கிறேன், ஒருத்தரையும் காணோமே?" அவர் நின்றது வேறொரு முதல் குறுக்குத் தெரு. அக்கா போனைப் பிடுங்கி, தெருவே கேட்க அலறினார்: "கடிநாய் வீடுன்னு போட்டு வாங்கண்ணே! மேப்புல இருக்கு!"

வந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

மனிதர் பிழைத்து வீடு திரும்பியதும், அண்ணன் சாத்துக்குடிப் பையோடு போய் நின்றார்.

"பேர மாத்திர்றேன் தாயி. சரஸ்வதி இல்லம்னு போட்ருவோம்."

"அதுல கை வச்சீங்க, நாய அவுத்து விட்ருவேன்" என்ற அக்கா, சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். அண்ணன் போனை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

இப்போது எரியாத தெருவிளக்கு, உடைந்த குழாய் எல்லாவற்றையும் மேப்பில் ஏற்றி ஊராட்சி ஆபீசுக்கு அனுப்புகிறார். அவர் தொல்லை தாங்காமலே விளக்குகள் எரிகின்றன.

வெளியூர் போய்விட்டு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவில் வரும்போது, வீடு வந்துவிட்டதாகப் போன் சொல்லும். நான் நம்புவதில்லை. எதிர்வீட்டு மொட்டை மாடியிலிருந்து லொகேஷன் அண்ணன் கையை ஆட்ட வேண்டும். அப்புறம்தான் எனக்கு வீடு வந்ததாகக் கணக்கு.