திருமலைக் கூடத்தில் பூனை ஆசனம்

சித்தூரில் முதுகுவலி என்று ஒருவரிடம் வாயைத் திறந்தால் போதும், சாயங்காலத்துக்குள் தெருவே வைத்தியராகிவிடும். எனக்கு வலி வந்ததும் ஸ்கூட்டரை விற்றேன்; வலியை வாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. வேலூர் டாக்டர், "இது போகாது, பழகிக்கோங்க" என்றார். பழகுவதற்காகத் திருப்பதியில் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். தலைகீழாக நிற்பதெல்லாம் அங்கே கிடையாது. என் உச்சபட்ச சாதனை பூனை ஆசனம். நாலு காலில் நின்று, மூச்சை விட்டபடி முதுகைத் தூக்கி, மூச்சை இழுத்தபடி இறக்க வேண்டும். (பூனைகள் இதற்கு வகுப்புக்குப் போவதில்லை.)

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் மச்சான் தாமோதரன் என் வலியை நம்பவில்லை. சில வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு திருமலைக்குக் கிளம்பியபோது மட்டும் திடீரென்று நம்பினான். "மாமாவ வீல் சேர்ல வெச்சித் தள்ளிக்கினு போனா நம்மளயும் சீக்கிரம் வுட்ருவாங்கக்கா" என்றான் என் மனைவி கோமதியிடம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெருமாளை என் காலால் நடந்துபோய்த்தான் பார்ப்பேன் என்று சபதம் செய்தேன். (அந்த நேரம் பார்த்து முதுகு வலிக்கவில்லை.)

தரிசன வரிசையில் விடுவதற்கு முன் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்கார வைப்பார்கள். கதவு எப்போது திறக்கும் என்பது கதவுக்கே தெரியாது. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் என் இடுப்பு பூட்டிக்கொள்ளும். அப்புறம் வீல் சேர்தான், தாமோதரன் முகத்தில் சிரிப்புதான். இடுப்பில் முதல் தடவை சுருக்கென்றதும் துண்டை விரித்தேன், வேட்டியை இறுக்கினேன், நாலு காலில் இறங்கினேன்.

"இன்னாங்க இது?" என்றாள் கோமதி.

"பூனை."

"மானம் போவுது. எழுந்து குந்துங்க."

"போவட்டும். இடுப்பு இருந்தா போதும்."

"நான் யாரோன்ற மாதிரி அந்தப் பக்கம் குந்திக்கிறேன்க்கா" என்று தாமோதரன் நகர்ந்தான்.

பக்கத்திலிருந்த தெலுங்கு அம்மா ஒருவர் குனிந்து, "ஏம் மொக்கு, அன்னா?" என்று கேட்டார். இது என்ன வேண்டுதல் என்கிறார். வேண்டுதல் இல்லை, இடுப்பு வலி என்று சொல்ல, "நடுமு நொப்பி" என்று இடுப்பைக் காட்டினேன். பக்தியோடு தலையாட்டினார். தலையை மழித்துக்கொள்கிறவர்களும் தரையில் உருளுகிறவர்களும் வருகிற மலையில், இடுப்புவலிக்காரன் நாலு காலில் நிற்பதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? "நாக்கூ நடுமே", தனக்கும் இடுப்புதான் என்றபடி கொசுவத்தைச் செருகிக்கொண்டு அவரும் இறங்கினார். அவருடைய மாமியார் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் பாதிக் கூடம் பூனை. நான் முதுகைத் தூக்கினால் தூக்கினார்கள். வலி தாங்காமல் "அம்மா" என்றேன். "கோவிந்தா" என்று பதில் வந்தது.

அப்போதுதான் கதவு திறந்தது.

தாமோதரன் ஓடிவந்து என் அக்குளில் கை கொடுத்தான். "எழுந்திரு மாமா, எல்லாம் முந்திக்கினு போறாங்க."

அவன் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், ஒரு மாதம் படுக்கைதான். "கைய எடு. எடுக்கலன்னா இங்கியே படுத்துக்குவேன்" என்றேன். எடுத்தான். நான் முழங்காலில் உட்கார்ந்து, ஒருக்களித்து, கையை ஊன்றி, ஒவ்வொரு காலாக எழுந்தேன். பின்னால் அத்தனை பேரும் அதே வரிசையில், அதே கம்பீரத்தோடு எழுந்தார்கள். எங்களைத் தாண்டிப் போக யாருக்கும் வழியில்லை. அதட்ட வந்த சேவகர், "மொக்கு" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் கைகூப்பி ஒதுங்கினார்.

நடந்தேதான் போனேன். சந்நிதியில் கிடைத்தது ஒரு கண்சிமிட்டும் நேரம். வலியைப் பற்றி முறையிட அது போதாது. நடந்து வந்திருக்கிறேன் என்பதை மட்டும் தெரிவித்தேன்.

வலி இன்றும் இருக்கிறது, தினமும் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. நானும் துண்டை விரித்துவிடுகிறேன். ஆனால் கோமதியின் சொந்தக்காரர்கள் யார் திருமலைக்குப் போனாலும் இப்போது அந்தக் கூடத்தில் நாலு காலில் இறங்காமல் திரும்புவதில்லை. 'மாமா மொக்கு' என்று பெயர் வேறு வைத்துவிட்டார்கள். மாமாவுக்கு அது பலித்ததா என்று யாராவது கேட்டால், கோமதி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்வாள்:

"இடுப்பு அப்படியேதான் கீது. கொழுப்புதான் ஏறிக்கினு போவுது."