பச்சியப்பன் நெஞ்சில் ஒரு மலைப்பாதை

"எல்லா ரோடும் மேடாப் போகுது மாது. இந்த ஒண்ணு மட்டும் ஏன்டா பள்ளமா இருக்குது?"

சித்தேரி மலைக்குப் பஸ் ஓட்டும் பச்சியப்பன், ஈசிஜி காகிதத்தைக் கண்டக்டர் மாதுவிடம் நீட்டினார். இன்றைக்கு மெடிக்கல் செக்கப். தேறாவிட்டால் பஸ் போய்விடும். டெப்போவில் மூலையில் உட்கார வேண்டியதுதான். அந்தப் பயத்தில், ஆஸ்பத்திரியில் திறந்திருந்த அறைக்குள் நுழைந்ததுமே சட்டையைக் கழற்றிக் கட்டிலில் படுத்துவிட்டார். நர்ஸ் நிர்மலாவும் ஈசிஜி எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பின்னாலேயே டீ வாங்கி வந்த மாது, செல்போனில் ஈசிஜி படிக்கச் சொல்லித்தரும் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தான்.

"மொதல்ல சின்ன மேடுங்கண்ணா, இதயத்தோட மேல் அறை வேலை செய்யுது. அப்புறம் ஊசியாட்டம் நிக்குதே, அது கீழ் அறை. கடைசி மேட்டுல இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராவுது."

"ஸ்பீடு பிரேக்கர், செங்குத்து ஏத்தம், மறுபடி ஸ்பீடு பிரேக்கர். நம்ம ரூட்டேதான்!"

"ரெண்டு ஊசிக்கு நடுவுல எத்தனை பெரிய கட்டமோ, அதால முந்நூறை வகுக்கணும். நாலு கட்டம். எழுபத்தஞ்சு. வேகம் கரெக்ட்டுங்கண்ணா."

"அப்ப இந்தப் பள்ளம்?"

காகிதத்திலிருந்த பன்னிரண்டு துண்டுகளில், ஏவிஆர் என்று போட்ட துண்டில் எல்லாமே தலைகீழ். மாது வீடியோவைத் தள்ளினான். நெட் போய்விட்டது.

"காகிதத்தைத் தலைகீழாத் திருப்பிப் புடிங்க."

திருப்பினார். அந்தத் துண்டு மேடானது. மற்ற பதினொன்றும் பாதாளம்!

"அடப்பாவி, இருந்த ரோடும் போச்சேடா!"

"டயரை மாத்தற மாதிரி, கை கிளிப்பை மாத்திப் பாக்கலாமா?"

"கை ஆடிடுச்சும்மா, இன்னொருக்கா எடும்மா" என்று நிர்மலாவைக் கெஞ்சிவிட்டு மறுபடி கட்டிலில் படுத்தார். அவள் காகித ரோல் மாற்றத் திரும்பினாள். மாது வலதை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாட்டினான்.

புதிதாக எடுத்த காகிதத்தில் பழைய பள்ளம் மேடாகிவிட்டது. ஆனால் முதல் துண்டு கவிழ்ந்துகிடந்தது.

"வண்டி கெளம்பற எடத்துலயே பள்ளம்டா!"

மாது கட்டத்தை எண்ணினான். ரெண்டே ரெண்டு. "அண்ணா... நூத்தம்பது!"

"மலை ரோட்டுல நூத்தம்பதா!" பச்சியப்பன் கட்டிலிலேயே சரிந்தார். மாது டிக்கெட் பையால் விசிறினான். சில்லறைதான் சிதறியது.

டாக்டர் மலர்விழி வந்து, ரெண்டு காகிதத்தையும் பார்த்துச் சிரித்தார்.

"ஏவிஆர் எல்லாருக்கும் தலைகீழாத்தாங்க இருக்கும். அது வலது தோள்ல இருந்து பாக்குது. இதயத்து மின்சாரம் அதுக்கு முதுகைக் காட்டிட்டுப் போகுது. போற பஸ்ஸைப் பின்னால நின்னு பாத்தா முகப்புக் கண்ணாடி தெரியுமா? ஆமா, ரெண்டாவதுல கிளிப்பை மாத்துனது யாரு?"

மாது மேலே ஓடும் ஃபேனையே பார்த்தான்.

"பயத்துலதான் படபடப்பு. மத்தபடி இதயம் புது இன்ஜின்."

"அப்ப பஸ்ஸு எனக்குத்தான்!" பச்சியப்பன் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

வாசலில் பெயர்ப் பட்டியலோடு நின்ற ஆயா குள்ளம்மாள் அவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டிரைவரண்ணா, உங்களுக்கு இன்னிக்குக் கண் டெஸ்ட்டு மட்டுந்தானுங்க, எதுத்த கதவுல ஆளுயரத்துக்குக் கண்ணு படம் வரைஞ்சு வெச்சிருக்கறமே, அதுகூடவா தெரியலீங்க?"