முப்பத்தைந்து டிகிரியில் ஒரு தென்னை

அஸ்தினாபுரம்,
புதன்கிழமை.

அன்புள்ள மைத்துனன் ஷ்யாம்சுந்தருக்கு,

ஜெயகிருஷ்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை பட்டுவும் ஸ்நேகாவும் நலம். முடிச்சூரில் உன் வீட்டார் எல்லோரும் நலமாக இருக்கட்டும், உன்னைத் தவிர என்று எழுதத்தான் நினைத்தேன். பட்டு எட்டிப் பார்த்துவிட்டாள், அதனால் உன்னையும் சேர்த்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ நடுவிலேயே சிரிப்பாய். கடிதம் என்றால் நான் முடித்த பிறகுதான் சிரிக்க முடியும்.

எதிர்வீட்டு சாம்பசிவனை உனக்குத் தெரியும், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவர் வாசலில் ஒரு தென்னை இருக்கிறது. காற்றடித்தால் அது எங்கள் வீட்டுப் பக்கமே தலையாட்டும், அதற்கு நேர் எதிரே மாடியில் ஸ்நேகாவின் அறை. மழைக்காலம் வருவதற்குள் வெட்டுங்கள் என்று நான் மூன்று வருஷமாகச் சொல்கிறேன். விழுந்தாலும் உங்க வீட்டைத் தொடாது சார் என்று அவரும் மூன்று வருஷமாகச் சொல்கிறார். விஷயம் காலனி சங்கத்துக்குப் போயிற்று. கொத்தனாரின் இரும்பு டேப்பை மூன்று முறை மாற்றி வைத்து, மரத்தடியிலிருந்து என் வீட்டுச் சுவர் வரை முப்பத்தெட்டு அடி என்று அளந்தார்கள். மரம் அதைவிட உயரமானால் அவர் வெட்ட வேண்டும், குறைவானால் இனி இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். சரி, உயரத்தை எப்படி அளப்பது என்று எல்லோரும் விழித்தபோது, நான் எம்.எஸ்சி. கணிதம் என்று சொல்லித் தொலைத்தேன்.

நாம் பத்தாம் வகுப்பு எழுதிய வருஷம் உனக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்க விடமாட்டாய். கோபுரத்தின் உயரம் காணும் கணக்கில் பார்ப்பவரின் உயரத்தைக் கூட்ட மறந்தேன், ஐந்து மதிப்பெண் போனது. உனக்கு நூறு, எனக்குத் தொண்ணூற்றைந்து. அதை என் கல்யாணப் பந்தியில் சொன்னாய், கிரகப்பிரவேசத்தில் சொன்னாய், ஸ்நேகாவுக்குக் காது குத்தும்போது குழந்தையின் அழுகையை நிறுத்துவதற்காக அதையே சொன்னாய், குழந்தை நிறுத்திவிட்டது. எனவே இந்த முறை அந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று முதல் வேலையாக என் கண் உயரத்தை அளந்து, ஐந்து அடி என்று உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடிவிட்டது. பழசுதான், வச்சுக்கோ என்று நீ பெருந்தன்மையாகத் தூக்கிக் கொடுத்தாயே நூறடித் துணி டேப், அதன் நுனியை சாம்பசிவன் மரத்தடியில் காலால் மிதித்துக்கொள்ள, தெருவோடு போய் அறுபதாவது அடியில் நின்றேன். ஸ்நேகா பள்ளிக்காகச் செய்திருந்த கருவி, அதாவது பாகைமானியில் ஸ்ட்ராவை ஒட்டி நூலில் நட்டு கட்டித் தொங்கவிட்டது, அதை வைத்து மரத்தின் உச்சியைப் பார்த்தேன். முப்பத்தைந்து டிகிரி. எதிர்ப்பக்கம் உயரம், அடுத்த பக்கம் தூரம், ஆகவே டேன் என்று கூட்டத்துக்கு விளக்கம் வேறு. என் போனில் டேன் முப்பத்தைந்து போட்டேன். பூஜ்யம் புள்ளி நாலு ஏழு. அறுபதால் பெருக்கினால் இருபத்தெட்டு, உள்ளங்கையைப் பார்த்து ஐந்தைக் கூட்டினால் முப்பத்துமூன்று. மரம் என் வீட்டைத் தொடாது என்று நானே என் வாயால் தீர்ப்புச் சொல்லி, கையெழுத்தும் போட்டேன். "கணக்குன்னா கணக்குதான் சார்" என்று சாம்பசிவன் எனக்கே ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

சாயங்காலம் ஸ்நேகா வந்து, "அப்பா, டேன் நாப்பத்தஞ்சே ஒண்ணுதானே, முப்பத்தஞ்சுக்கு இவ்வளவு கம்மியா வருமா?" என்றாள். போனை வாங்கிப் பார்த்தாள். அது டிகிரியில் இல்லை, ரேடியனில் இருந்தது. யார் வைத்தது? போன மாதம் நீ வந்து, மருமகளுக்கு ரேடியன் சொல்லித் தருகிறேன் என்று என் போனை வாங்கினாயே, நீ வைத்தது. சொல்லிக் கொடுத்தவனுக்குத் திருப்பி மாற்றி வைக்கத் தெரியவில்லை. டிகிரியில் போட்டால் புள்ளி ஏழு. அறுபதால் பெருக்கினால் நாற்பத்திரண்டு, ஐந்து சேர்த்தால் நாற்பத்தேழு. ஒன்பது அடி மரம் என் மகளின் அறைக்குள் வரும் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்க முடியாது, கையெழுத்து போட்டாயிற்று. அவள் கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஹாலில் டிவி சத்தத்தில் எப்படிப் படிப்பது என்று அவள் என்னோடு பேசுவதில்லை. டிவியை நிறுத்தச் சொன்னதால் பட்டுவும் பேசுவதில்லை.

நிலம் அளக்கும் தொழில் செய்கிறவன் நீ. உன் கருவியோடு வருகிற ஞாயிறு வந்து, நாற்பத்தேழு என்று நாலு பேர் முன்னால் அளந்து சொல். மழைக்குள் மரம் போக வேண்டும். பழியில் பாதி உன்னுடையது, காபி மட்டும் என்னுடையது. அத்தைக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உனக்கு வழக்கமான கோபத்துடன்,

ஜெயகிருஷ்ணன்.

பின்குறிப்பு: வியாழன் காலை. நேற்றே தபாலில் போடாதது நல்லதாயிற்று. எதிர்வீட்டில் தேங்காய் பறிக்க ஜெயவேலு வந்தான். மனசு கேட்காமல் உயரத்தை விசாரித்தேன். "இதுக்கு இன்னாத்துக்கு சார் கணக்கு? கவுறு கீது, மேலேர்ந்து வுடறேன், அளந்துக்கோ" என்றான். விட்டான். இரும்பு டேப்பால் கயிற்றை அளந்தோம். சரியாக முப்பத்துமூன்று அடி.

பயந்துபோய் உன் துணி டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். அது இருபதில் ஆரம்பிக்கிறது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் உங்கள் வீட்டில் நனைந்து மக்கிய முதல் இருபது அடியை வெட்டிவிட்டு, நுனி வளையத்தைத் திரும்பத் தைத்திருக்கிறாய். நான் நின்றது அறுபதில் அல்ல, நாற்பதில். நாற்பதை நிஜமான புள்ளி ஏழால் பெருக்கினாலும் அதே இருபத்தெட்டுதான். உன் டேப்பின் தப்பை உன் ரேடியனின் தப்பு சரிக்கட்டிவிட்டது. கட்டில் மாடிக்குத் திரும்பிப் போய்விட்டது, மரம் இருக்கட்டும்.

ஆகவே கருவி வேண்டாம், நீ மட்டும் வா. சாம்பசிவன் பத்துத் தேங்காய் கொடுத்தனுப்பியிருக்கிறார், பட்டு போளி செய்கிறாளாம். ரேடியன், டேப் விவகாரம் நமக்குள் இருக்கட்டும். அடுத்த கல்யாணப் பந்தியில் இதை மட்டும் சொல்: ஜெயகிருஷ்ணன் இந்த முறை ஐந்தைக் கூட்டினான்.