குங்குமம் வைத்த மெசின்

மனுசன் கண்டுபிடிக்க முடியாத கலப்படத்தை மெசின் கண்டுபிடித்துவிடும் என்று மேலிடம் உளமார நம்பியதால், மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் புது மெசின் வந்து இறங்கியது. நம்பிக்கையில் குறையில்லை. ஆயுதபூசைக்கு முதல்நாள் வந்ததுதான் வினை.

ஆனையூரில் மிளகாய்த்தூள் அரைத்து விற்கும் காசிமாயன் கடைக்குச் சீல் வைத்திருந்தார்கள். தூளில் சாயம் கலந்திருப்பதாகச் சந்தேகம். அடுத்த வாரம் அவர் மகளுக்குப் பூ வைக்க வருகிறார்கள். சீல் வைத்த கடைக்காரன் வீட்டில் எந்தச் சம்பந்தி கை நனைப்பான்? மனுசன் அந்தக் கூடத்து வாசலிலேயே காய்ந்து கிடந்தார்.

"இது எப்படிம்மா கண்டுபிடிக்கும்?" என்று ஆய்வாளர் திவ்யாவிடம் கேட்டார்.

"தூளை ஒரு திரவத்துல கரைச்சு, நைசான பொடி அடைச்ச குழாய்க்குள்ள நல்லா அழுத்தி அனுப்புவோம்ண்ணே. காளவாசல் சிக்னல்ல பைக்கு சந்துல பூந்து முன்னாடி வந்துரும், பஸ்ஸு பின்னாடிதான் வரும்ல? அது மாதிரி ஒவ்வொரு பொருளும் அதது நேரத்துக்கு வெளிய வரும். வந்தா கம்ப்யூட்டர்ல ஒரு மேடு தெரியும். சாயம் வர்ற நேரத்துல மேடு தெரிஞ்சா, சாயம் இருக்குன்னு அர்த்தம்."

மேடு தெரிந்தது. கோபுரம் கணக்காக நின்றது.

காசிமாயன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா சத்தியமா நான் கலக்கலைம்மா."

திவ்யாவுக்கும் என்னமோ இடித்தது. தூளே போடாமல் வெறும் திரவத்தை மட்டும் அனுப்பிப் பார்த்தாள். அதே மேடு, அதே உயரம்.

துணை இயக்குநர் தமிழ்மாறன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "வெறும் திரவத்திலேயே கலப்படமா? அதற்கும் சீல் வையுங்கள்."

"சார், பூசையன்னிக்கு மெசினுக்குப் பொட்டு வச்சிட்டு, அருள் உள்ளயும் இறங்கணும்னு இந்தத் திரவப் பாட்டில்ல ஒரு சிட்டிகை குங்குமம் போட்டீங்களே..."

"குங்குமத்தில் சாயம் இருக்குமா அம்மா?"

"கடைக் குங்குமத்துல வேற என்ன சார் இருக்கும்?"

புதுப் பாட்டிலைத் திறந்து, அதில் தூளைக் கரைத்து மறுபடி பார்த்தார்கள். சாயத்தின் நேரத்தில் ஒன்றுமே வரவில்லை. ஆனால் பழைய மேடு பதிவாகிவிட்டதே! பதிவானதை அழிப்பது அலுவலக மரபன்று. துணை இயக்குநர் நெடுநேரம் யோசித்துத் தம் கைப்பட எழுதினார்: 'முன்னர்க் காணப்பட்ட சாயம் வணிகருடையதன்று. அது தெய்வீகத் தோற்றமுடையது. ஆகவே நடவடிக்கைக்கு உட்பட்டதன்று.'

சீல் கழன்றது. காசிமாயன் அழுதேவிட்டார். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார்.

பூ வைக்கிற அன்று காலையில் அடுப்படியிலிருந்து அவர் மனைவி செல்லத்தாய் கூப்பிட்டாள். "நம்ம தூளுல குழம்பு வெளிறிப் போயிக் கெடக்கு. வாரவுக என்ன நெனைப்பாக? எதுத்த கடையில செக்கச்செவேல்னு விக்கிறான், கால்கிலோ வாங்கியாங்க."

சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காசிமாயன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எதிர்க்கடையில் ஏகப்பட்ட கூட்டம். அவருக்கு முன்னால் பையோடு துணை இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார்."

"வந்தேன்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "வீட்டில் கலர் கேட்கிறார்கள்."