என் சர்வருக்கு நானே காவல்

ஹூனாவாட்ன்,
வட ஐஸ்லாந்து

அன்புள்ள மாப்பிள்ளை கெஸ்டுருக்கு, மாமியார் ஆஸ்லாய்க் எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். தலைநகரில் நீங்களும் என் மகள் ஹில்டுரும் சுகமாயிருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்கள் கல்யாணத்தன்று நான் புகைபோட்ட ஆட்டுக்கறியைத் தின்றுவிட்டு "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றீர்களே, அதை மறந்துவிட்டேன். போன வருஷத்தைத்தான் மறக்கவில்லை. மலையிலிருந்து ஆடுகளை இறக்கிப் பட்டியில் பிரிக்கிற அன்று பார்த்து, வட்டாரத்து ஆடுகளின் காதுவெட்டு அடையாளமெல்லாம் இருக்கிற என் இணையதளம் படுத்துவிட்டது. சர்வரைப் பார்த்துக்கொள்கிற நீங்களோ டெனெரீஃப் தீவுக் கடற்கரையில் மல்லாந்து கிடந்தீர்கள். இடது காதில் நுனிவெட்டு, வலதில் பிளவு, அது என் ஆடு என்று கத்தினேன். பக்கத்துப் பண்ணை பால்டுர், "வாயால சொன்னா ஆச்சா ஆத்தா? வெப்சைட்ல காட்டிட்டு ஓட்டிட்டுப் போ" என்று பல்லைக் காட்டி, ஆட்டை ஓட்டிக்கொண்டு போனான். அவன் அப்பனும் என் அம்மாவின் கிடாயை இப்படித்தான் ஓட்டினான்.

குளிர்காலம் முழுக்க வீடியோ பார்த்து சர்வர் வேலை கற்றேன். "அம்மா, நீ எதையும் தொடாதே" என்றாள் ஹில்டுர். "போடி, ஆட்டு வயித்துல குட்டி குறுக்கே கிடந்தா கையை விட்டுத் திருப்புறவ நான். ஒரு சர்வர் என்னடி பண்ணிடும்?" என்றேன். இப்போது இடம் நிரம்பினால் குப்பையைக் கூட்டித் தள்ளுவேன், மயங்கி விழுந்த புரோகிராமைத் தட்டி எழுப்புவேன், தினமும் நகல் எடுத்து வேறிடத்தில் ஒளித்துவைப்பேன். யார் யார் வந்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கிற லாக் ஃபைலைப் படித்தால் உலகத்துத் திருட்டுப் பயலெல்லாம் என் கதவைத் தட்டுகிறான். அத்தனை பேரின் ஐபி எண்ணும் எனக்கு மனப்பாடம். ஏழில் முடிகிற ஒருவனைச் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

ஆகவே இன்று காலை நீங்கள் உள்ளே நுழைகிற கம்ப்யூட்டர் சாவியை சர்வரிலிருந்து அழித்துவிட்டேன். கோபம் வேண்டாம். ஃபயர்வாலைப் போட்டுக் கதவுகளை அடைப்பதுதான் பாக்கி. சனிக்கிழமை இந்த வருஷத்துப் பட்டியில் பால்டுரின் மூக்குக்கு நேரே ஃபோனை நீட்டி, அந்த ஆட்டைக் குட்டிகளோடு ஓட்டிவருவேன்.

உங்கள் காருக்கு வழுக்காத சாலையும் என் மகளுக்குப் பொறுமையும் கிடைக்கட்டும்.

மாமியார்,
ஆஸ்லாய்க்

பி.கு.: அனுப்புவதற்கு முன் ஃபயர்வாலைப் போட்டுவிட்டேன். வேண்டிய வாசலைத் திறந்துவைத்த பிறகுதான் மற்றதை அடைக்கவேண்டுமாம். வீடியோக்காரன் அதைப் பிற்பாடு சொல்கிறான். திருடன் உள்ளே வர முடியாது. வட்டாரத்தாரும் வர முடியாது. நானும் வெளியேதான் நிற்கிறேன். "என்ன ஆத்தா, கடை சாத்திக் கிடக்கு?" என்று பால்டுர் அதற்குள் கூப்பிட்டுக் கேட்டுவிட்டான். சர்வரை வாடகைக்கு எடுத்தது உங்கள் பெயரில் என்பதால், அந்தக் கம்பெனிப் பக்கம் வழியாகப் பின்கதவைத் திறக்க உங்களால் மட்டும்தான் முடியுமாம். ஃபோனில் கேட்க நாக்கு எழவில்லை. படித்த கையோடு திறந்துவிடுங்கள். சனிக்கிழமை சாப்பிட வாருங்கள். கறியில் உப்பைக் குறைத்துப் போடுகிறேன்.