முந்திரி ஆர்டரும் அரிமளத்துக் காளையும்

“கூட்டம் எங்கிட்டுப் போகுதோ, அங்கிட்டுக் கடையப் போடு. ஆனா…” என்று பெரிய மாமா ஏதோ சொல்லுவார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன என்பது மறந்துவிட்டது. முன்பாதியே போதும் என்று இறங்கிவிட்டேன்.

வேலை சின்னதுதான். எங்கள் முந்திரி வியாபாரத்தின் இணையதளம், நெட்டில் தேடுகிறவர்கள் கண்ணில் பட வேண்டும்.

மஸ்கட்டிலிருந்து கந்தர்வக்கோட்டைக்குத் திரும்பியதும் நான் கட்டிய தளம் அது. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் எழுதினேன். இரண்டிலும் யாரும் வரவில்லை. தேடினால் எட்டாம் பக்கத்தில் இருந்தோம். எட்டாம் பக்கம் வரை போகிற ஒரே ஆள் நான்.

மனைவி செல்வி கெடு வைத்துவிட்டாள்.

“இந்த மாசத்துக்குள்ள நெட்டு வழியா ஒரு ஆர்டராச்சும் வரணும். இல்லாட்டி கம்ப்யூட்டர மூடிட்டு எங்கூட முந்திரி உடைக்க உக்காருங்க.”

முந்திரி ஓட்டுப் பால் பட்டால் கைத்தோல் உரியும். தீவிரமாக யோசித்தேன்.

இந்த சீசனில் ஜில்லாவே எதைத் தேடும்? ஜல்லிக்கட்டு!

உடனே தலைப்பை மாற்றினேன்: ‘ஞாயிற்றுக்கிழமை கந்தர்வக்கோட்டை பக்கம் ஜல்லிக்கட்டு பார்த்துக்கொண்டே கொறிக்க ஏற்ற வறுத்த முந்திரி.’

அந்த வாரமே முதல் பக்கம்! வீட்டுக்குள் ஒரு சுற்று ஆடினேன்.

ஞாயிறு காலை வாசலில் ஹாரன். மினி லாரி. அதன் மேல் மாலை போட்ட ஒரு காளை!

“அண்ணே, அரிமளத்துலேர்ந்து வாரோம். டோக்கன் எங்க குடுக்குறீங்க?”

“எதுக்குங்க டோக்கன்?”

“மாட்டுக்குத்தான். பின்ன ஒங்களுக்கா?”

வண்டியிலிருந்து இறங்கியவர் போனை நீட்டினார். நீளமான தலைப்பின் வாலைத் தேடுபொறி வெட்டியிருந்தது. ‘ஞாயிற்றுக்கிழமை கந்தர்வக்கோட்டை பக்கம் ஜல்லிக்கட்டு…’ கீழே எங்கள் வீட்டு முகவரி!

“இது முந்திரிக் கடைங்க.”

“மாடு முந்திரி வாங்கவாண்ணே மாலை போட்டுட்டு வந்துருக்கு?”

அதற்குள் இன்னொரு லாரி. தண்ணீர் காட்ட இறக்கிய அரிமளத்துக் காளை, நேராக முந்திரிப்பழக் கூடைக்குள் வாயை விட்டது. என் தலைப்பைக் கடைசி வரை படித்தது அது ஒன்றுதான் போல.

மாமாவுக்கு போன் போட்டேன். “மாமா, அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் என்ன?”

“எனக்கு எப்பிடிடா ஞாபகம் இருக்கும்? வாய்க்கு வந்ததச் சொல்லுவேன். அங்க என்னடா மாட்டுச் சத்தம்?”

செல்விதான் காப்பாற்றினாள். எல்லோருக்கும் மோர். தட்டு நிறைய, சூடாக வறுத்த முந்திரி. நாலு பருப்பு உள்ளே போனதும் அரிமளத்துக்காரர் குரல் இறங்கியது.

“நல்லாருக்கே! அடுத்த வாரம் கோயில் திருவிழா, பாயசத்துக்கு வேணும். ஒரு மூட்டை போட்டு வைங்கக்கா.”

நெஞ்சை நிமிர்த்தினேன். “பாத்தியா, நெட்டு ஆர்டர்!”

“மாட்டு ஆர்டர்.”

“மாடு நெட்டப் பாத்துத்தானே வந்துச்சு?”

காலிக் கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “சரி, ஒத்துக்கறேன். மூணாவது வண்டி வருது, போயி ‘வாங்க’ன்னு சொல்லுங்க.”

தலைப்பை அன்றே அழித்துவிட்டேன். தேடுபொறிக்கு அது உறைக்க நாளாகுமாம்.

வாசலில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி கட்ட, கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.