ராட்டினத்தின் உச்சியில் ஒரு வணக்கம்

உயரத்துக்குப் பயப்படுகிறவன், கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணின் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம். யோங் பெங்கில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர எதுவும் தாராளமாகக் கிடைக்காத சமயத்தில், பஜார் திடலில் ஒரு ராட்டினம் வந்து இறங்கியது. ஊரே அங்கே கூடிவிட்டது. எனக்கு நிச்சயமாகியிருந்த லூர்துவை அவளுடைய அண்ணன் சூசை அழைத்து வந்திருந்தார். அதுவரை அவளைக் கோயிலில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. பக்கத்தில் நின்று பேசியது அன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்களுக்கு உயரம்னா பயமா?" என்று கேட்டாள்.

"எனக்கா? தென்னமரத்து உச்சியில தூங்கியிருக்கேன்." (எங்கள் வீட்டில் நாற்காலி மேல் ஏறி விளக்கு மாட்டத் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள்.)

"அப்ப வாங்க, ஏறலாம்."

பெட்ரோல் கிடைக்காததால் இரண்டு ஆட்கள் ராட்டினத்தைக் கையாலேயே சுற்றினார்கள். நாங்கள் உட்கார்ந்த பெட்டியில், குறுக்குக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கயிறு கட்டியிருந்தது. ராட்டினத்துச் சொந்தக்காரரான சீனத் தவுக்கேயிடம், "இது தாங்குமா?" என்றேன்.

"தாங்கும் லா. நேத்து யாரும் விழல."

(முந்தாநாளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.)

எங்கள் பெட்டி உச்சிக்குப் போனதும், கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினத்தை நிறுத்தினார்கள். கடைகளின் கூரையெல்லாம் எங்கள் காலுக்குக் கீழே இருந்தது.

"அங்க பாருங்க, நம்ம கோயில் சிலுவை தெரியுது" என்றாள் லூர்து, குதிக்காத குறையாக.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தச் சிலுவைக்குத்தான் மெழுகுவத்தி நேர்ந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று கீழே சத்தம் அடங்கியது. ஒரு ஜப்பானிய அதிகாரி திடலுக்குள் வந்துவிட்டார். அவர்களைக் கண்டால் இடுப்பை வளைத்து வணங்க வேண்டும். தவறினால் கன்னத்தில் அறை விழும். கூட்டம் மொத்தமும் குனிந்தது. ராட்டினத்தைப் பிடித்திருந்த இரண்டு பேரும் கையை விட்டுவிட்டுக் குனிந்தார்கள்.

ராட்டினம் தானாகக் கிளம்பியது. எங்கள் பெட்டி கீழே பாய்ந்து, மறுபக்கம் ஏறி, மனதை மாற்றிக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பியது. நான் முழங்கால்களுக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். லூர்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஆடி ஆடிக் கடைசியில் பெட்டி அடியில் வந்து நின்றது, சரியாக அந்த அதிகாரியின் முன்னால்.

லூர்து சிரிப்பை விழுங்கிக்கொண்டு வணங்கி நிமிர்ந்தாள். ஊரும் நிமிர்ந்தது. நான் மட்டும் நிமிரவில்லை.

"மாப்பிள்ளை, போதும், எந்திரிங்க" என்று சூசை கிசுகிசுத்தார்.

"முடியல மச்சான்."

அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அறை விழப் போகிறது என்று பல்லைக் கடித்தேன். அவரோ என் தோளைத் தட்டி, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டினார். பிறகு ராட்டினத்தைக் காட்டித் தவுக்கேயிடம் ஏதோ சொன்னார்.

"உன் மரியாதை அவருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு லா" என்றார் தவுக்கே. "இன்னும் மூணு சுத்து, சும்மா."

அதிகாரி கொடுக்கும் பரிசை யார் வேண்டாம் என்பது? சுற்றினேன்.

இறங்கியதும் லூர்து, "அண்ணே, கல்யாணத்தைச் சீக்கிரம் வைங்க. இவரைத் தனியா விட்டா ஆபத்து" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பயத்துக்குப் பயம் என்று பெயர் இல்லை. போன வாரம் பல் பிடுங்கப் போன எங்கள் மகன், நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று கதவோரமே நின்றான். லூர்து டாக்டரிடம் நிதானமாகச் சொன்னாள்:

"அவனுக்கு உங்க மேல ரொம்ப மரியாதை டாக்டர். அப்பா மாதிரி."